ஆளுமையை நிறுக்கும் தராசு

காஞ்சிபுரத்துத் தறிகளுக்குப் பட்டு நூல் நிறுத்துத்தான் கொடுக்கப்படும். நெய்து முடித்த சேலையும் நிறுத்துத்தான் வாங்கப்படும். நூலுக்கும் சேலைக்கும் இடையே கணக்கு உதைத்தால் நெசவாளருக்குச் சங்கடம். ஆனால் பட்டுக்கு ஒரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அது தனக்குள் இழுத்துக்கொள்ளும். முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோ பட்டு, சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் ஏறக்குறைய 110 கிராம் நீரை ஏற்றுக்கொள்கிறது. ஐப்பசி மாத அடைமழையில் இன்னும் கூடுதலாக ஏற்கும். தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியவே தெரியாது.

இப்போது ஒரு கேள்வி. மழைநாளில் அந்தப் பட்டை நல்ல தராசு ஒன்றில் மூன்று முறை நிறுக்கிறோம். மூன்று முறையும் ஒரே எடை வருகிறது. தராசில் குறை இல்லை. ஆனால் நாம் அறிய விரும்பியது பட்டின் எடை. தராசு காட்டியதோ பட்டும் நீரும் சேர்ந்த எடை. மாறாத விடை தரும் கருவி, நாம் கேட்ட கேள்விக்குத்தான் விடை தருகிறது என்பதற்கு என்ன உறுதி?

அளவையியலின் அடிப்படையான இக்கேள்வி, பட்டுக்கு மட்டும் உரியதன்று. மனிதனின் ஆளுமையை அளக்கப் புறப்பட்டவர்களையும் நூறாண்டுகளாக இதே கேள்விதான் வாட்டி வருகிறது.

இயற்பியல் கற்பிப்பவனுக்கு மனநல மருத்துவத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் ஒரு மாணவன். இரண்டாம் ஆண்டு படிப்பவன், தறிக்குடும்பத்துப் பிள்ளை. ஒருநாள் மாலை வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி வந்து கைப்பேசியை நீட்டினான். அதில் இருபது வினாக்கள் கொண்ட ஏதோ ஒரு சோதனை. அனைத்துக்கும் விடையளித்து முடித்ததும் ‘உங்களுக்கு ஆளுமைக் கோளாறு இருக்கக்கூடும்’ என்று அது தீர்ப்புக் கூறியிருந்தது. “எங்க அப்பாகிட்ட இதை எப்படி சார் சொல்றது?” என்றான். பத்து நாட்களாக அவன் சரியாக உறங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அந்த இருபது வினாக்களை எவர் எந்தத் தராசில் வைத்துச் சோதித்தார்? இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

ஆளுமைக் கோளாறு என்பது யாது?

ஒவ்வொருவருக்கும் ஒரு போக்கு உண்டு. ஒருவர் கூச்சமுள்ளவர், ஒருவர் எளிதில் சினம் கொள்பவர், ஒருவர் எதையும் பத்து முறை சரிபார்ப்பவர். இவை கோளாறுகள் அல்ல. ஒருவருடைய சிந்தனை, உணர்ச்சி, பிறரோடு பழகும் முறை ஆகியவை இளம் பருவத்திலிருந்தே வளையாத ஒரு வார்ப்பில் அமைந்து, வீட்டிலும் வேலையிலும் நட்பிலும் ஆண்டுக்கணக்கில் அவருக்கோ பிறருக்கோ துன்பம் விளைவிக்கும்போதுதான் மருத்துவர்கள் ஆளுமைக் கோளாறு என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

இங்கே மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்: நெடுங்காலம் நீடித்தல், எல்லா இடங்களிலும் வெளிப்படுதல், துன்பம் விளைத்தல். காய்ச்சலை வெப்பமானி சொல்லிவிடும். சர்க்கரையை இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். ஆளுமைக் கோளாறுக்கு அத்தகைய சோதனை இதுவரை இல்லை. கேட்டுத்தான் அறிய வேண்டும். ஆகவே கேள்விதான் இங்குக் கருவி.

வினாப் பட்டியலின் பிறப்பு

முதல் உலகப் போரில் குண்டு வெடிப்புகளுக்கு நடுவே நின்ற வீரர்கள் பலர் மனம் கலங்கினார்கள். அமெரிக்கா 1917இல் போரில் இறங்கியபோது, எளிதில் கலங்கக்கூடியவர்களை முன்கூட்டியே பிரித்தறிய இராபர்ட் உட்வொர்த் என்ற உளவியலறிஞர், ‘ஆம்’, ‘இல்லை’ என விடையளிக்கத்தக்க 116 வினாக்களைத் தொகுத்தார். பட்டியல் தயாராவதற்குள் போரே முடிந்துவிட்டது. ஆனால் வழி பிறந்துவிட்டது.

உட்வொர்த்தின் வினாக்களில் ஒரு குறை இருந்தது. ‘இந்த வினாவுக்கு ஆம் என்பவன் கலங்கியவன்’ என்பது பெரும்பாலும் வினாவை எழுதியவரின் கருத்தே. இதை மாற்ற முனைந்தவர்கள் மினசோட்டாப் பல்கலைக்கழகத்து ஹாத்தவே என்ற உளவியலாளரும் மக்கின்லி என்ற மருத்துவரும். 1943இல் வெளிவந்த அவர்களுடைய ஆளுமைப் பட்டியல் இன்றும் புதுப்பிக்கப்பட்ட வடிவங்களில் வழங்கி வருகிறது. மருத்துவமனையிலிருந்த மனநோயாளிகளிடமும், அங்கு வந்துபோன பார்வையாளர்களிடமும் ஒரே வினாக்களைக் கேட்டார்கள். இரு சாராரும் எந்த வினாவுக்கு வேறுபட்டு விடையளித்தார்களோ, அந்த வினாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எழுதியவரின் ஊகத்துக்குப் பதிலாக எண்ணிக்கை வந்தது. இது பெரிய முன்னேற்றமே.

ஆனால் புதிய கேள்வியும் கூடவே வந்தது. ‘இயல்பானவர்’ என்று கொள்ளப்பட்டவர்கள் யார்? மினசோட்டாவின் ஊர்ப்புறத்திலிருந்து உறவினரைப் பார்க்க வந்த வெள்ளையின மக்கள். அந்தச் சிலநூறு பேரின் விடைகளே, 1989இல் திருத்திய பதிப்பு வரும்வரை, பல நாட்டு மக்களையும் அளக்கும் படிக்கல்லாக இருந்தன. பிள்ளையார்பாளையத்தில் ஒருவரைத் தராசில் ஏற்றி, எதிர்த் தட்டில் மினசோட்டாவின் உழவரை வைப்பது எவ்வளவு பொருந்தும்?

நம்பகம்

ஒரு வினாப் பட்டியலை ஏற்பதற்கு முன் அதனிடம் இரண்டு தகுதிகளைக் கேட்கிறார்கள். முதலாவது நம்பகம். அதாவது, ஒரே பொருளை மீண்டும் அளந்தால் ஒரே விடை வருதல்.

இதை மூன்று வழிகளில் சோதிக்கலாம். இன்று கேட்டதையே சில வாரம் கழித்துக் கேட்டுப் பார்ப்பது ஒன்று. பட்டியலிலுள்ள வினாக்கள் ஒன்றோடொன்று இசைந்து செல்கின்றனவா என்று கணிப்பது இரண்டாவது. 1951இல் குரோன்பாக் அறிமுகப்படுத்திய ‘ஆல்ஃபா’ என்ற எண் இதற்குப் பயன்படுகிறது. ஆல்ஃபா உயர்ந்திருந்தால் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. ஒரே வினாவைப் பத்து விதமாக மாற்றி எழுதினாலும் அது உயரும். ஒரே நூற்கண்டைப் பத்து முறை நிறுத்துவிட்டுப் பத்துக் கண்டுகளைச் சோதித்ததாகச் சொல்வது போன்றது அது.

மூன்றாவது வழி, இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே கணித்து ஒத்துப்போகிறார்களா என்று பார்ப்பது. இதிலே ஒரு கண்ணி உண்டு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

100 பேரை இரு மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் 10 பேருக்குக் கோளாறு உண்டு என்கிறார். அவ்விரு பத்துகளில் 5 பேர் மட்டுமே பொது. அப்படியானால் இருவரும் ‘உண்டு’ என்று ஒத்துக்கொண்டவர் 5. ‘இல்லை’ என்று ஒத்துக்கொண்டவர் 85. மொத்தம் 90 பேரிடத்தில் ஒருமைப்பாடு! நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருவரும் நோயாளிகளைப் பார்க்காமலே, சீட்டுக் குலுக்கிப் பத்துப் பத்துப் பேரைத் தேர்ந்திருந்தாலும் சராசரியாக 82 பேரிடத்தில் ஒத்துப்போயிருப்பார்கள். ஆகவே உண்மையான திறமைக்கு இருந்த இடம் மீதமுள்ள 18. அதில் அவர்கள் ஈட்டியது 8. எட்டைப் பதினெட்டால் வகுத்தால் 0.44. ஜேக்கப் கோகன் 1960இல் தந்த ‘காப்பா’ என்ற எண் இதுவே. தற்செயலைக் கழித்துவிட்டுத் திறமையை மட்டும் காட்டும் எண் அது. 1 என்றால் முழு ஒருமைப்பாடு. 0 என்றால் வெறும் குலுக்கல்.

ஏற்புடைமை

இரண்டாவது தகுதி ஏற்புடைமை. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பது. மழைநாள் பட்டின் எடையில் நம்பகம் இருந்தது, ஏற்புடைமை இல்லை.

இதைச் சோதிப்பது கடினம். வெப்பமானியைச் சரிபார்க்க உருகும் பனிக்கட்டியும் கொதிக்கும் நீரும் இருக்கின்றன. ஆளுமைக்கு அத்தகைய நிலைத்த புள்ளிகள் எங்கே? குரோன்பாக்கும் மீலும் 1955இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். ஒற்றைச் சான்றைத் தேடாமல், சான்றுகளின் வலையைப் பின்ன வேண்டும் என்றார்கள். புதிய பட்டியல், தேர்ந்த மருத்துவரின் நேர்காணலோடு ஒத்துப்போகிறதா? தொடர்பற்ற பண்புகளிலிருந்து விலகி நிற்கிறதா? பின்னாளில் நிகழப்போவதை ஓரளவேனும் முன்னறிவிக்கிறதா? இவை யாவும் ஒன்றையொன்று தாங்கும்போதுதான் பட்டியல் நிற்கும். பாவும் ஊடையும் போல, தனி இழைக்கு வலுவில்லை. நெய்த பிறகே துணி.

பெங்களூரில் நடந்த சோதனை

நமக்கு அண்மையில் நடந்த ஒரு முயற்சியை இங்குக் காண்போம். உலகச் சுகாதார நிறுவனமும் அமெரிக்க அரசின் மனநல அமைப்பும் சேர்ந்து, பல நாடுகளுக்கும் பொதுவான ஓர் ஆளுமைக் கோளாறு நேர்காணலை உருவாக்கின. நியூயார்க்கைச் சேர்ந்த ஆர்மண்ட் லொராங்கர் முன்பு அமைத்திருந்த நேர்காணலே அதற்கு அடிப்படை. 11 நாடுகளில் 14 மையங்களில் 716 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டு, முடிவுகள் 1994இல் வெளியாயின. மையங்களுள் ஒன்று, பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல நரம்பியல் நிறுவனம். அந்நிறுவனத்தின் மருத்துவர் சன்னபசவண்ணா ஆய்வறிக்கையின் ஆசிரியர்களுள் ஒருவர். இந்நேர்காணல் பெயர்க்கப்பட்ட மொழிகளில் இந்தி, கன்னடம், தமிழ் ஆகியனவும் உண்டு.

இதன் அமைப்பு கவனிக்கத்தக்கது. முதலில் ‘சரி’, ‘தவறு’ என்று நோயாளியே குறிக்கும் ஒரு வினாப் பட்டியல். உலக நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்புக்கு உரியதில் 59 கூற்றுகள், அமெரிக்க வகைப்பாட்டின் நான்காம் பதிப்புக்கு உரியதில் 77. இது வெறும் சல்லடை. இதை வைத்து யாருக்கும் கோளாறு உண்டு என்று முடிவு செய்வதில்லை. சல்லடையில் தங்கியவர்களைப் பயிற்சி பெற்ற மருத்துவர் நேரில் உட்கார்ந்து கேட்கிறார். ‘ஆம்’ என்று சொன்னால் மட்டும் போதாது. எப்போது, எங்கே, எப்படி நடந்தது என்று எடுத்துக்காட்டுகளையும் சொல்ல வேண்டும். அதன்பிறகே 0, 1, 2 என மதிப்பெண்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு பண்பு குறைந்தது 5 ஆண்டுகளாக நீடித்திருந்தால்தான் கணக்கில் சேரும். கோளாற்றின் ஓர் அடையாளமாவது 25 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். மழைநாளின் ஈரத்தைப் பட்டின் எடையிலிருந்து கழிக்கும் ஏற்பாடு இது. மூன்று மாதத் துயரத்தையோ, தேர்வுக் காலப் பதற்றத்தையோ ஒருவரின் வாழ்நாள் குணமாக எண்ணிவிடாமல் இவ்விதி காக்கிறது.

சோதனையில் ஒரு பகுதி நோயாளிகளை இரண்டாவது மருத்துவர் ஒருவரும் உடனிருந்து தனியே மதிப்பிட்டார். வேறொரு பகுதியினரிடம் ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து நேர்காணல் மீண்டும் நடத்தப்பட்டது. பிற மனநோய்களைக் கணிக்கும் கருவிகளுக்கு உள்ள அளவு நம்பகம் இதற்கும் உண்டு என்பது முடிவு.

கேட்க வேண்டியவர் யார்?

ஒருவரின் குணத்தை அவரிடமே கேட்பதா, உடன் வாழ்பவரிடம் கேட்பதா? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது நம் வழக்கு. பெங்களூரிலும் இலண்டனிலும் நடத்தி 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று இதையே ஆராய்ந்தது. நோயாளியிடம் மேற்சொன்ன நேர்காணல். அவருடைய உறவினரிடமோ நண்பரிடமோ வேறொரு சிறிய நேர்காணல். இரண்டின் முடிவுகளுக்கும் இடையே கிடைத்த காப்பா சுமார் 0.4 மட்டுமே. பிறரைச் சார்ந்தே வாழும் போக்கில் இருதரப்பும் ஓரளவு நன்றாக ஒத்துப்போயின. சமூக விதிகளை மதியாப் போக்கிலோ ஏறத்தாழ ஒருமைப்பாடே இல்லை. சார்ந்திருத்தலை மறைக்க எவருக்கும் பெரிய தேவை இல்லை. விதி மீறலை மறைக்கக் காரணம் உண்டு என்று நாம் ஊகிக்கலாம்.

ஆனால் இந்த ஆய்வில் பயனுள்ள ஒரு செய்தியும் இருந்தது. உறவினர் தந்த விவரப்படி ‘கோளாறு இல்லை’ என்று வந்தால், அது நூற்றுக்கு 97 பேரிடத்தில் மருத்துவரின் நேர்காணலோடு ஒத்திருந்தது. ‘இல்லை’ என்று சொல்வதில் அச்சிறு சோதனை வல்லது. ‘உண்டு’ என்று சொல்வதில்?

ஒரு கணக்கு

இதைக் கற்பனைக் கணக்கு ஒன்றால் விளக்கலாம். ஒரு கல்லூரியில் 1000 மாணவர்கள். அவர்களுள் 50 பேருக்கு உண்மையாகவே ஒரு கோளாறு இருப்பதாகக் கொள்வோம். நம் வினாப் பட்டியல் மிக நல்லது என்றே வைத்துக்கொள்வோம்: கோளாறு உள்ளவரில் நூற்றுக்கு 90 பேரைக் கண்டுபிடிக்கும், இல்லாதவரில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாக விலக்கும்.

50 பேரில் 45 பேர் சிக்குவர். மீதி 950 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 95 பேர், ஒன்றுமில்லாமலே சிக்குவர். ஆக ‘உண்டு’ என்று தீர்ப்புப் பெற்றவர் 140 பேர். அவர்களுள் உண்மையில் கோளாறு உள்ளவர் 45 பேர்தான். மூவரில் இருவர் மீது வீண் பழி! மறுபக்கம், ‘இல்லை’ என்று வந்த 860 பேரில் தவறிப் போனவர் 5 பேர் மட்டுமே.

பட்டியலில் குறை இல்லாதபோதே நிலைமை இது. கோளாறு அரிதாக உள்ள கூட்டத்தில் எந்தச் சல்லடையும் இப்படித்தான் நடந்துகொள்ளும். அதனால்தான் சல்லடைக்குப் பின் மருத்துவர் அமர்ந்திருக்கிறார். சல்லடையை மட்டும் கைப்பேசியில் வைத்துவிட்டு மருத்துவரை நீக்கினால், அந்த 95 பேரும் இரவில் உறக்கமின்றிக் கிடக்க வேண்டியதுதான்.

தமிழில் கேட்பது எப்படி?

பிற மொழியில் சரிபார்க்கப்பட்ட பட்டியலைத் தமிழாக்கிவிட்டால் போதுமா? போதாது. ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத மற்றொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குப் பெயர்க்க, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவது முதற்படி. அதன்பின் தமிழ் பேசும் மக்களிடம் நம்பகத்தையும் ஏற்புடைமையையும் புதிதாகவே சோதிக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு சிறு சோதனை. ‘நீங்கள் யாரையும் நம்புவதில்லையா?’ என்று ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். யாரையும் நம்பாதவர் ‘ஆமாம்’ என்றும் சொல்லலாம்; ‘இல்லை, நம்புறதில்லை’ என்றும் சொல்லலாம். தமிழில் இரண்டும் இயல்பே. விடைத்தாளில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு கட்டங்களை மட்டும் வைத்தால் ஒரே மனிதர் இரண்டு மனிதராகிவிடுவார்.

மரியாதையும் குறுக்கே வரும். படித்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து கேட்டால், எதற்கும் ‘ஆமாங்க’ என்று தலையாட்டுவது நம் ஊரில் நல்ல பண்பு. அளவையியலில் அது பிழை. எழுத்துத் தமிழில் கேட்பதா, பேச்சுத் தமிழில் கேட்பதா என்ற சிக்கல் வேறு.

பண்பாடு இன்னும் ஆழமானது. ‘முக்கியமான முடிவுகளைப் பிறரைக் கேட்காமல் எடுக்கமாட்டேன்’ என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். தனித்து வாழ்வதே முறை என்ற நாட்டில் இதற்கு ‘ஆம்’ என்பவரைச் சார்ந்து வாழும் கோளாறு உடையவர் என ஐயுறலாம். ஒரே கூடத்தில் தந்தை தறியில் அமர, தாய் நூல் சுற்ற, பிள்ளைகள் உதவி செய்ய, எல்லோரும் சேர்ந்து உழைக்கும் வீட்டில் திருமணத்தையோ கடனையோ பெரியவர்களைக் கேட்காமல் முடிவு செய்பவரைத்தான் ஊர் ஐயத்தோடு பார்க்கும்.

வகைப்பாடும் மாறுகிறது

அளவுகோல் மட்டுமன்று, அளக்கப்படும் பொருளைப் பற்றிய கருத்தும் மாறிவருகிறது. முன்பு ஆளுமைக் கோளாறுகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்திருந்தார்கள். ஒருவரே இரண்டு மூன்று பெட்டிகளில் விழுவது வழக்கமாயிற்று. பெட்டிகள் சரியில்லையோ என்ற ஐயம் வலுத்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பு, பெரும்பாலான பெட்டிகளைக் கைவிட்டது. கோளாறு உண்டா, உண்டெனில் இலேசானதா, நடுத்தரமானதா, கடுமையானதா என்பதே இப்போது முதற்கேள்வி. பண்புகள் அதன்பின் குறிக்கப்படுகின்றன. இதற்கேற்பப் புதிய வினாப் பட்டியல்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மொழியிலும் மீண்டும் தராசில் ஏற்ற வேண்டும். அறிவியலில் இது இழுக்கன்று. மீட்டர் என்ற அளவையே நாம் நான்கைந்து முறை மாற்றி வரையறுக்கவில்லையா?

மாணவன் என்ன ஆனான்?

அவனிடம் நான் இரண்டே கேள்விகள் கேட்டேன். அந்தச் சோதனைக்கு விடையளித்தது எப்போது? ஒரு தாளில் தவறி, வீட்டில் யாரும் அவனோடு முகங்கொடுத்துப் பேசாதிருந்த வாரத்தில். அந்த வினாக்கள் எந்த மக்களிடம் சோதிக்கப்பட்டவை? அவனுக்குத் தெரியாது, அந்தச் சோதனையிலும் எழுதியிருக்கவில்லை. மழைநாள் பட்டின் கதையை அவனுக்குச் சொன்னேன். தறிவீட்டுப் பிள்ளையாதலால் பாதியிலேயே புரிந்துகொண்டான்.

ஆனால் ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கும் தகுதியில்லை. கைப்பேசியின் தீர்ப்புக்கு எதிராக இயற்பியல் ஆசிரியரின் தீர்ப்பை வைப்பது ஒரு தவறுக்கு மறு தவறு. அவன் உறங்காததும் உண்மை, அவன் துன்பமும் உண்மை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனோடு நானும் சென்றேன். மருத்துவர் நெடுநேரம் அவனோடு பேசினார். அவனுடைய தந்தையையும் மறுமுறை வரச் சொல்லிப் பேசினார். பெயர் எதையும் அவன் மீது ஒட்டவில்லை. உறக்கத்துக்கும் தேர்வு அச்சத்துக்கும் வழி சொல்லி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

மனம் வருந்தும் எவரும் தயங்காமல் உதவி நாடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மனஸ் என்ற அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வினாப் பட்டியல்கள் பயனற்றவை என்பதன்று இக்கட்டுரையின் கருத்து. நன்கு சோதித்த பட்டியல், யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்பதை மருத்துவருக்குக் காட்டும் நல்ல கருவி. அடுத்த முறை ஒரு சோதனை உங்களைப் பற்றித் தீர்ப்புக் கூறினால், அதை நம்புவதற்கு முன் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள்: உன்னைச் சோதித்தவர் யார்? எந்த மக்களிடம் சோதித்தார்? நீ ‘உண்டு’ என்று சொன்னவர்களில் எத்தனை பேருக்கு அது உண்மையாயிற்று? விடை இல்லாவிட்டால் அது தராசன்று, தட்டு மட்டுமே.